பின்தங்கியவரின் பக்கம்

1

இந்த நாட்டில் நான் இருக்கலாம் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அயர்லாந்தின் கார்க் நகரில், காவல் நிலையத்தின் பக்கவாட்டு வாசலில் அதற்கென்று ஓர் அறை இருக்கிறது. டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். நைஜீரியர்கள், பிரேசில்காரர்கள், பிலிப்பைன்ஸ் நர்சுகள், குழந்தை வண்டிகள், ஈரக் குடைகள். என் மனைவி ஸ்டெல்லா இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நான் அவளுடைய கணவன் என்ற தகுதியில் வந்தவன். சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்ததை எழுத அந்த அலுவலகத் தாள்களில் இடமில்லை.

இந்த முறை கவுன்டரில் இருந்தது ஒரு பெண் அதிகாரி. மனைவியின் வேலை, வீட்டு முகவரி, காப்பீடு என்று வரிசையாகக் கேட்டார். வரிசையாகச் சொன்னேன். பிறகு, நான் கவிழ்த்து வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்து, அதே குரலில், "என்ன படிக்கிறீர்கள்?" என்றார்.

அதுவும் விசாரணையின் பகுதி என்று நினைத்துவிட்டேன். "நாவல். தமிழ் மொழி. நானே வாங்கியது. அரசியல் எதுவும் இல்லை" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்."

"இன்னும் முடிக்கவில்லை."

"நானும் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மகா தடிப் புத்தகம். என் அம்மா படிக்கச் சொன்னார். பாதியில் விட்டால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பதில் சொல்ல முடியாது" என்றபடி முத்திரையைக் குத்தினார்.

அந்த அலுவலகத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் நான் மகிழ்ச்சியோடு பதில் சொல்லியிருக்க வேண்டியது அது ஒன்றுதான். பேருந்தில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் அந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியிருக்காது. பதில் பலகையில் எழுதியிருக்கும்.

2

செல்வின் அண்ணாச்சியின் அரிசி, பருப்புக் கடை திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா வந்து போட்ட கடை. கன்டெய்னர் லாரிகள் நெடுஞ்சாலையில் நின்றுபோகும் நாட்களில் அந்தப் புழுதி உள்தெரு வரை வந்து அரிசி மூட்டைகளின் மேல் படியும். அண்ணாச்சி காலையில் ஒரு துணியால் மூட்டைகளைத் தட்டிவிட்டு, வாசலில் மாட்டியிருக்கும் கரும்பலகையில் அன்றைய விலைகளை எழுதுவார். பொன்னி, இட்லி அரிசி, துவரை, உளுந்து. கடைசி வரியில் ஒரு பெயரும் ஒரு எண்ணும் இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தத் தெருவுக்குக் குடிபோன புதிதில், அது என்ன சரக்கு என்று கேட்டேன்.

"அது விக்கதுக்கு இல்ல தம்பி. நான் படிச்சிக்கிட்டு இருக்க நாவலு. பக்கத்துல உள்ளது பக்க நம்பரு."

"எதுக்கு எழுதி வைக்கிறீங்க?"

"எழுதிப் போட்டாத்தான் படிப்பேன். இல்லன்னா கல்லாவுல உக்காந்து தூங்கிருவேன். நாலு பேரு கேப்பாம்லா."

நாலு பேர் என்ன, தெருவே கேட்டது. "இன்னா அண்ணாச்சி, நேத்தும் அதே நம்பரு, இன்னிக்கும் அதே நம்பரு? வூட்ல சண்டையா?" என்று மீன் கூடையோடு போகிறவர்கள் கேட்பார்கள். அவர்களில் பலர் அந்த நாவலைப் படித்ததில்லை, படிக்கப்போவதும் இல்லை. ஆனால் எண் நகர்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

அண்ணாச்சி யாருக்கும் புத்தகத்தைப் புகழ்ந்து கொடுத்ததில்லை. அவர் முறை வேறு. பருப்பு நிறுக்கும் நேரத்தில் புத்தகத்தை விரித்து, முதல் பக்கத்தை நின்றபடி படிக்கச் சொல்வார். படித்தவர் தானாகத் தாளைப் புரட்டினால் அதை எடுத்துக்கொண்டு போகலாம். புரட்டாமல் கொடுத்துவிட்டால் அவருக்கு வருத்தமில்லை. "ஒமக்கு உள்ளது இது இல்ல" என்று உள்ளே வைத்துவிடுவார்.

அப்படிப் புரட்டியவன் அன்பு. எண்ணூர்ப் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை. பிறந்தது வியாசர்பாடி, அப்போது எர்ணாவூரில் குடியிருப்பு. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவன், ஒரு நாள் அரிசி வாங்க நின்றான். முதல் பக்கத்தைப் புரட்டி, இரண்டாவதையும் புரட்டி, அரிசியை மறந்து புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் மனைவி மாலா வந்து அரிசியை வாங்கிப்போனாள். "அண்ணாச்சி, இனிமே அத்து கைல புஸ்தகம் குடுக்கறதுக்கு மின்னாடி பைய குடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதிலிருந்து அண்ணாச்சியும் அன்பும் ஒரே நாவலின் இரண்டு படிகளை ஒரே சமயத்தில் படிக்கத் தொடங்கினார்கள். நான் மூன்றாவது. பலகையில் யாருடைய பக்கத்தை எழுதுவது என்ற கேள்வி வந்தது. பின்தங்கியவருடைய பக்கத்தை என்று முடிவானது. அதைத் தாண்டி யாரும் போகக் கூடாது. போய்விட்டால் வாயைத் திறக்கக் கூடாது. துறைமுகத்தில் எழுத்தர் வேலை பார்த்த ஒருவர் ஒருமுறை, டீ குடித்துக்கொண்டே, நாங்கள் படித்துக்கொண்டிருந்த கதையின் முடிவைச் சொல்லிவிட்டார். அன்பு டீயைக் கீழே ஊற்றிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனான். அந்த மனிதர் பிறகு வேறு கடையில்தான் அரிசி வாங்கினார்.

பெரும்பாலும் பின்தங்கியவன் அன்புதான். ஷிப்ட் மாறும்போதெல்லாம் எண் நின்றுவிடும். அண்ணாச்சி புத்தகத்தை மூடி வைத்துக் காத்திருப்பார். பத்திரிகை அலுவலகத்தில் யார் முந்துவது என்பதே வேலையாக இருந்த எனக்கு, ஒரு மனிதர் இன்னொருவருக்காகப் படிக்காமல் உட்கார்ந்திருப்பது புதிதாக இருந்தது.

3

இங்கே கார்க்கில் ஒருவருக்குப் புத்தகத்தைப் பற்றிச் சொல்வதற்கு வேறு இலக்கணம். மருந்துக் கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்கும் டெக்லன் என்பவரிடம் வந்த புதிதில், "நீங்கள் இதைப் படித்தே ஆக வேண்டும்" என்றேன். நம் ஊரில் அதைவிட அன்பான வாக்கியம் கிடையாது. அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா?" என்றார். இந்த ஊரில், "எப்போதாவது நேரம் கிடைத்தால், அவசரமே இல்லை, பிடிக்காமலும் போகலாம்" என்று தொடங்க வேண்டும். நான்கு மன்னிப்புகளுக்குப் பிறகு புத்தகத்தின் பெயர் வரும். இப்போது பழகிவிட்டேன். பழகியதில் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

என் மகள் நிலா நிறையப் படிக்கிறாள். எல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். சென்னையிலிருந்து கொண்டுவந்த தமிழ்க் கதைப் புத்தகங்களை அவள் ஓரெழுத்து ஓரெழுத்தாக, பேருந்துப் பலகை படிப்பதுபோலப் படித்துவிட்டு, பத்திரமாக அலமாரியில் வைத்துவிடுகிறாள். பத்திரமாக வைப்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

ஒரு மாலை அவள் புதிய கதைப் புத்தகம் ஒன்றின் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பதைப் பார்த்தேன். அண்ணாச்சி பார்த்திருந்தால் கடையைச் சாத்தியிருப்பார்.

"அது தப்பு கண்ணு" என்றேன்.

"நாய் சாகுமா இல்லையா என்று பார்க்கிறேன்" என்றாள் ஆங்கிலத்தில். "தெரிந்துவிட்டால் பயமில்லாமல் படிக்கலாம்."

நாய் சாகவில்லையாம். முதல் பக்கத்துக்குத் திரும்பி, காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு, மாலை அவர்களுக்கு. தொலைபேசி அட்டையைச் சுரண்டி எண்ணைப் போட்டால் அண்ணாச்சி கடையில் மணி அடிக்கும். அரைக் கதவு சாத்திய நேரம், அன்பும் அங்கே இருப்பான். முதல் பத்து நிமிடம் அவரவர் படிப்பது, பிறகுதான் உடல்நலம், விலைவாசி.

கவுன்டரில் கவிழ்த்து வைத்த அந்த நாவலை நான் அந்த மாதமே முடித்துவிட்டேன். முடித்த ஞாயிறே சொன்னேன்: "அண்ணாச்சி, ஒரு புத்தகம். ரெண்டு பேரும் படிச்சே ஆகணும்." அதைச் சொன்னதே ஒரு நிம்மதி.

"கதையச் சொல்லாதீங்க. எழுத்து பெருசா சின்னதா, எத்தன பக்கம், அத மட்டும் சொல்லுங்க."

"அறுநூறுக்கு மேல. சின்ன எழுத்து."

"அன்புக்கு அடுத்த ஈஸ்டர் வந்துரும்" என்றார். பின்னாலிருந்து, "இன்னா நக்கலா?" என்று அன்பின் குரல்.

நாவலின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதைப் படிப்பவர்களில் யாராவது அதை இன்னும் படிக்காதவராக இருக்கலாம். அண்ணாச்சி கடை விதி அவருக்கும் உண்டு. ஒரு மாட்டுவண்டிக்காரன், கப்பலேறிப் போய்விட்ட தம்பியைத் தேடித் துறைமுகம் துறைமுகமாக அலைகிறான். இவ்வளவு சொல்லலாம். பின்னட்டையிலேயே இருக்கிறது.

இரண்டு படிகள் வாங்கினார்கள். பலகையில் எண் ஏறத் தொடங்கியது. ஞாயிறுதோறும் கேட்பேன், சொல்வார். நானூற்றுப் பத்து என்றார் ஒரு வாரம். அடுத்த வாரமும் நானூற்றுப் பத்து. அதற்கடுத்த வாரமும்.

"என்ன அண்ணாச்சி, அன்புக்கு டபுள் ஷிப்டா? வண்டிக்காரன் பாவம், வெயில்ல நிக்கிறான்."

அவர் சிரிக்கவில்லை. "அன்பு பெரியாஸ்பத்திரில கெடக்கான் தம்பி. ஒங்ககிட்ட சொல்ல வேண்டாம்னான். தூரத்துல இருக்கவன எதுக்குக் கலக்கணும்னான். கேன்டீன்ல மயங்கி விழுந்துட்டான். நெஞ்சுல வால்வு கெட்டுப்போச்சாம். ஆப்பரேசன் பண்ணணும்ங்காங்க."

பத்திரிகையில் நாள்தோறும் கையாண்ட வகைச் செய்தி அது. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். எந்த வார்டு என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி தன் செல்பேசியை வார்டுக்கு எடுத்துப்போயிருந்தார்.

"இன்னா மாமு, எப்டி கீறே? மழ பேயுதா?" அன்புதான். சொற்களுக்கு நடுவே மூச்சு கேட்டது.

"பெய்யுது. நீ எப்படி இருக்கே?"

"ராஜா மாதிரி கீறேன். பேனு நம்ம தலைக்கு நேரா சுத்துது. பக்கத்து பெட்டு நைனா அதுக்கே காண்டாயிட்டாரு. மாமு, ஒண்ணு கேப்பேன். டபாய்க்கக் கூடாது."

"கேளு."

"அந்த வண்டிக்காரன் தம்பியப் பாத்தானா இல்லியா? அத்த மட்டும் சொல்லிடு."

என் காதில் தவறாக விழுந்துவிட்டது என்று நினைத்தேன். முடிவை ஒருவர் சொல்லிவிட்டதற்காக டீயை ஊற்றிவிட்டுப் போனவன் அவன்.

"நீயே படிச்சிடுவேடா."

"நாலு வரி படிச்சா எழுத்து ஓடிப்பூடுது. மாலா படிச்சிக் காட்டிச்சி. பக்கத்து பெட்டு நைனா, 'இன்னாம்மா, ஜெபமா?'ன்றாரு. நர்ஸம்மா வந்து சத்தம் போட்டுட்டுப் போச்சி. நாளை மறுநாள் ஆப்ரேசன். அதுக்கு மின்னாடி தெரிஞ்சிக்கணும்."

"முடிஞ்சு வந்து படியேன்."

"அப்பால படிக்கிறது அப்பால. நான் கேக்கறது இப்போ மாமு."

யாரோ செல்பேசியை வாங்கும் சத்தம். பிறகு காலடி ஓசை, வராந்தாவின் எதிரொலி. அண்ணாச்சி வெளியே வந்துவிட்டார்.

"தம்பி, சொல்லிராதீங்க. தெரியாமதான் அவன் உள்ள போகணும். மிச்சம் இருக்குன்னாத்தான் எந்திரிச்சு வருவான். எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னா என்னத்துக்கு வாரான்?"

"அவன் கேக்குறானே அண்ணாச்சி."

"கேப்பான். எனக்கு மட்டும் தெரியாண்டாமா? நானும் அதே பக்கத்துலதான கெடக்கேன். பலகைய அழிக்க மாட்டேன்னுட்டேன். தெருவுல எல்லாரும் கேக்கான். நான் ஒண்ணும் சொல்லல. எண்ணு அப்படியே இருக்கட்டும்."

நாளைக்குப் பேசுகிறேன் என்று மட்டும் அண்ணாச்சியிடம் சொல்லி வைத்தேன். ஆப்பரேஷன் முடியும்வரை செல்பேசி மாலாவிடமே இருக்கட்டும் என்றார்.

5

அண்ணாச்சி சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு மனிதனுக்கு மிச்சம் வைத்துவிட்டு அனுப்புவது ஒரு வகைக் காப்பு. முடிவைச் சொன்னால், நீ திரும்பி வரமாட்டாய் என்று நானே ஒப்புக்கொண்டதாகாதா? சொல்லாவிட்டால், அவன் கேட்ட ஒன்றே ஒன்றை மறுத்தவனாவேன். அதற்குப் பிறகு அவனிடம் பேச வாய்ப்பே இல்லாமல் போனால்?

வேலையிலிருந்து வந்த ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் நாவல் படிப்பவள் அல்ல. காலணியைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாரும் எதையாவது கேப்பாங்க. டாக்டருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, நாளைக்கு மழை வருமா, கஞ்சி எப்ப தருவீங்க. உண்மையில கேக்க வேண்டிய கேள்விக்கு எங்ககிட்ட பதில் இல்லன்னு அவங்களுக்குத் தெரியும். அதனால பதில் இருக்கிற கேள்வியாப் பாத்துக் கேப்பாங்க."

"நீ என்ன பண்ணுவே?"

"தெரிஞ்சா சொல்லிடுவேன். கஞ்சி ஏழு மணிக்குன்னு."

மறுநாள் கிடங்கில் மதிய இடைவேளையில் பின்வாசலுக்கு வந்து, பெட்டிகளை ஏற்றும் மேடையில் நின்று அழைத்தேன். மாலா எடுத்து, ஒன்றும் கேட்காமல் அவனிடம் கொடுத்தாள்.

"சொல்றேன்" என்றேன்.

"சொல்லு."

பத்திரிகைப் பழக்கம் என்னை விடவில்லை. முக்கியமானதை முதலில் வைத்தேன். யார், எங்கே, எப்படி. தம்பி கிடைத்தானா என்பதற்கு ஒரு வாக்கியம். அதன் பிறகு விவரங்கள், முக்கியத்துவத்தின் இறங்குவரிசையில். கடைசி நூறு பக்கத்தையும் அப்படியே சொன்னேன். ஒரு லாரி பின்னோக்கி வந்து நின்றது. டெக்லன் என்னைப் பார்த்து, கையசைத்து, லாரியைத் தானே கவனித்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"அன்பு?"

"கீறேன். செரி." மறுபடியும், "செரி மாமு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அண்ணாச்சிகிட்ட இத்த சொல்லாத. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவாரு. நான் வந்து, ஒண்ணியும் தெரியாத மாதிரி, கூடவே படிச்சிக்கிறேன்."

நான் வந்து, என்றான். தொலைபேசியை வைத்த பிறகும் அந்த இரண்டு சொற்களையே நினைத்துக்கொண்டு மேடையில் நின்றேன்.

6

அடுத்த நாள் வேலையில் நான் இரண்டு முறை தவறான பெட்டியை அடுக்கினேன். டெக்லன் தானே எடுத்துச் சரிசெய்தார். மதியம் என் செல்பேசி அடித்தது. அயல்நாட்டு அழைப்புக்குக் கடையிலிருந்து அண்ணாச்சி எண்ணைச் சுழற்றியது அதுவே முதல் முறை.

"தம்பி, முடிஞ்சுட்டு. கண்ணு முழிச்சிட்டான். மாலா உள்ள போய்ப் பாத்துட்டு வந்துட்டு."

இருவரும் எதுவும் சொல்லாமல், கட்டணம் ஓட ஓட, தொலைபேசியைப் பிடித்தபடி இருந்தோம். பின்னால் யாரோ ஒரு பெண், "அண்ணாச்சி, கால் கிலோ உளுந்து" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்பு வீடு திரும்பி, நெஞ்சில் தையல் ஆறி, கடை வரை நடந்து வர வெகு நாளாயிற்று. ஒரு ஞாயிறு அண்ணாச்சி தொலைபேசியை எடுத்ததுமே கத்தினார்: "நானூத்திப் பன்னெண்டு!" இரண்டு பக்கம். தெருவில் மீன்காரப் பெண்கள் கைதட்டினார்களாம். அதை நான் முழுதாக நம்பவில்லை. ஆனால் செய்தியிலிருந்து அதை வெட்டவும் மாட்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அன்பின் நடிப்பைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். "இன்னா ஆவுமோன்னு பயமா கீது அண்ணாச்சி." "தம்பிகாரன் கெடைப்பான்றே?" அண்ணாச்சி ஒவ்வொரு முறையும் தன் கணிப்பைச் சொல்வார். அன்பு அதை மறுத்து ஒன்று சொல்வான். அவருக்குக் கடைசி வரை தெரியாது. அல்லது தெரிந்தும் அவர் பங்குக்கு நடித்தார். நான் கேட்டதில்லை.

முடித்த அன்று அன்புதான் தொலைபேசியை எடுத்தான்.

"முட்ச்சிட்டோம் மாமு."

"அண்ணாச்சி எங்கே?"

"உள்ள கீறாரு. மூட்ட மேல உக்காந்து கண்ணாடியத் தொடச்சிகினே கீறாரு. கஸ்டமரு நிக்குது, காதுல உழல."

"நீ?"

தொலைபேசிக் கம்பியை வாசல்வரை இழுத்துக்கொண்டு வருகிறான் என்று தெரிந்தது. தெருச் சத்தம் கூடியது.

"நீ சொன்னது அப்டியே கீது. ஒரு பொய்யி இல்ல. ஆனா நீ ஒண்ணியும் சொல்லல மாமு."

"என்ன விட்டுட்டேன்?"

"அத்த எனக்குச் சொல்லத் தெரில. பேப்பர்ல போடுவீங்களே, லாரி மோதி மூணு பேருக்குக் காயம்னு. அப்டிச் சொன்னே. தப்புன்னு சொல்லல. அத்த நென்ச்சிகினுதான் அந்த ரூமுக்குள்ள போனேன், பயம் இல்லாம போனேன். ஆனா இப்போ படிச்சா... அண்ணாச்சி அழுவறாரு, எனக்கு எல்லாம் தெரியும், நானும் அழுவறேன். தெரிஞ்சும் இன்னாத்துக்கு அழுவறேன்? அப்போ நீ சொன்னது இன்னா, இது இன்னா?"

செய்தி எழுதக் கற்றுக்கொண்ட எனக்கு அதைச் சொல்ல யாரும் கற்றுத்தரவில்லை.

"மாமு, நீ அந்த பொஸ்தகத்த இன்னொரு தபா படி."

"நானா? நான்தானேடா உங்களுக்கு அதைச் சொன்னேன்."

"சொன்னே. இப்போ நான் உனுக்குச் சொல்றேன். படிச்சே ஆவணும். மொத பக்கத்துலேந்து."

"அறுநூறு பக்கம்டா. இங்க கிடங்கு, சமையல், நிலாவோட பள்ளிக்கூடம். மாசக்கணக்கா இழுக்கும்."

"இழுக்கட்டும். மெதுவாப் படிச்சிகினு வா" என்றான் அன்பு. "எனக்கு டைம் கீது."